இப்போது சொல்ல வேண்டாத பெயர்

“‘உங்க அம்மாவா இருந்தா இப்படித் தாண்டிப் போவீங்களா?’ன்னு அந்தக் கண்டக்டர் கேக்கறார். இதே வார்த்தை சிஸ்டர், நான் ஒண்ணும் சேர்க்கலை. எனக்குப் பதில் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?”

இசக்கியம்மாள் மல்லுக்கு நின்றது ஜெபமணி சிஸ்டரிடம். ஜெபமணிக்கு இவளைவிடப் பத்து வயது குறைவு. ஆனால் அவசரப் பிரிவில் குரு அவள்தான். இசக்கி பிரசவ வார்டிலிருந்து மாறி வந்து எட்டே நாள்.

பஸ் கவிழ்ந்து இருபத்து மூன்று பேர் வராந்தாவில் கிடந்தார்கள். டாக்டர் ஒருவர். உதவிக்கு ஆளைக் காணோம். வேடிக்கைக்கு மட்டும் ஊரே வந்து நின்றது.

ஜெபமணி ஒவ்வொரு கையிலும் பட்டை கட்டிக்கொண்டே நகர்ந்தாள். உடனே கவனித்தால் பிழைப்பவருக்குச் சிவப்பு. காத்திருக்க முடிந்தவருக்கு மஞ்சள். என்ன செய்தாலும் பிழைக்காதவருக்குக் கறுப்பு. இடுப்புக்குக் கீழே நசுங்கிக் கிடந்த கிழவிக்கு அவள் கட்டியது கறுப்பு. அந்த பஸ்ஸின் கண்டக்டர் கேட்டது இவளுக்காகத்தான்.

“அந்தம்மாகிட்ட பேர் கேட்டீங்களா அக்கா?”

“கேக்காம? பிரசவ வார்டுல முதல்ல அதைத்தானே கேப்போம். அவங்க பேரு...”

“இப்ப சொல்லாதீங்க.”

இசக்கிக்குச் சுருக்கென்றது. “பேர் கேட்டது ஒரு குத்தமா?”

ஜெபமணி அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். சுவரோரம் ஒரு பெண் சத்தமே இல்லாமல் சாய்ந்திருந்தாள். அவள் நெஞ்சில் இசக்கியின் உள்ளங்கையை வைத்தாள். ஒரு பக்கம்தான் ஏறி இறங்கியது. உதடு நீலம்.

“இவ பேர் என்ன?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. சிவப்பு கட்டுங்க.”

கட்டினாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே ஓடியது.

கடைசிச் சிவப்பும் உள்ளே போய்ச் சேர்ந்தபோது வெயில் வராந்தாவை விட்டு இறங்கியிருந்தது. சுவரோரப் பெண்ணுக்கு நெஞ்சில் குழாய் போட்டாயிற்று, பிழைத்துக்கொள்வாள் என்று சேதி வந்தது.

ஜெபமணி ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு நேரே கிழவியிடம் போனாள். வலிக்கு மறுபடி ஊசி போட்டாள். கன்னத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். தலைமாட்டில் அந்தக் கண்டக்டர், நெற்றிக் கட்டோடு, நகராமல் நின்றார்.

“ஒண்ணும் செய்ய முடியாதுன்னுதானே கறுப்பு கட்டினீங்க?” இசக்கியின் குரலில் சண்டை மிச்சமில்லை. “இப்ப எதுக்கு வந்தீங்க?”

ஜெபமணி கிழவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப சொல்லுங்கக்கா, இவங்க பேர் என்ன?”

இசக்கி குனிந்தாள். “வள்ளித்தாயம்மா.”

கிழவி கண் திறந்தாள். பார்வை இருவரையும் கடந்து காக்கிச் சட்டையில் போய் நின்றது.

“கண்டக்டரய்யா, அசந்து தூங்கிருவேன் போல இருக்கு. கழுகுமலை வந்ததும் எழுப்பி விடுங்க.”