கனத்தாள் எழுந்த இடம்

காற்றும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நடுக்கடலின் மேல் கனத்தாள் என்ற காற்று உட்கார்ந்திருந்தாள். அசையாமல் உட்கார்ந்து கடலை அழுத்திக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று அவளுக்கு நான்கு தம்பிமார். திசைக்கு ஒருவராய்த் திரிந்தாலும் அக்காள் இருக்கும் இடத்துக்குள் வரமாட்டார்கள். வந்தாலும் அங்கே இடமில்லை.

பக்கத்து மணல் திட்டில் ஓர் ஆலாப் பறவை குஞ்சு பொரித்திருந்தது. "அக்கா, பிள்ளைங்க பறக்கிற வரைக்கும் எழுந்துடாதீங்க," என்று கேட்டுக்கொண்டது.

"நான் எங்கே போகப்போறேன்? நீ நிம்மதியா இரு," என்றாள் கனத்தாள்.

ஐப்பசியில் கடல் சூடேறியது. அதிலிருந்து கிளம்பிய ஆவி அவள் காதருகே வந்து, "மேலே எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா? கொஞ்சம் எழுந்து பாரேன்," என்றது.

புழுக்கம் தாங்காமல் கனத்தாள் சற்றே எழுந்தாள். கீழே லேசாக இடம் காலியானது. தம்பிமார் நடந்து வந்தார்கள். இன்னும் எழுந்தாள், ஓடி வந்தார்கள். ஆலா கூப்பிட்டது. அவள் காதில் விழவும் செய்தது. ஆனால் மேலே சுகமாயிருந்தது. 'இன்னும் கொஞ்சம்தான்' என்று நினைத்துக்கொண்டே முழுக்க எழுந்துவிட்டாள்.

காலியான இடத்தைப் பிடிக்க நால்வரும் தலைதெறிக்க ஓடினார்கள். சுழலும் பூமி அவர்களை நேராக ஓடவிடாமல் ஒருபக்கமாய்த் திருப்ப, நடுவுக்குள் நுழைய முடியாமல் அதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடல் எழும்பித் திட்டின் மேல் ஏறியது.

கனத்தாள் பதறி இறங்கியபோது திட்டு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். ஆலா தாழப் பறந்து தேடிக்கொண்டிருந்தது.

"தம்பிங்க இப்படி ஓடுவாங்கன்னு நான் நினைக்கலை," என்றாள்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?" என்றது ஆலா.

கனத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆலா அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கரைப்பக்கம் போய்விட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. தம்பிமார் முகத்தில் விழிக்கவும் கூசிப்போனாள்.

ஆனாலும் கடல் சூடேறினால் அவளால் உட்கார முடிவதில்லை. அவள் எழ எழக் கீழே அழுத்தம் குறைகிறது; அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வேகமாய்த் தம்பிமார் சுழன்று வருகிறார்கள். ஊரையே பெயர்க்கும் புயலின் நட்டநடுவில் மட்டும் காற்று மூச்சுக் காட்டாமல் இருப்பதும் அன்று முதல்தான். அங்கே கனத்தாள் தலை குனிந்து நிற்கிறாள்.