கழுவாத வேர்

வயல்களில் அடித்த களைக்கொல்லி எங்கள் ஏரியில் கலந்துவிட்டது. அதைச் சுத்தம் செய்ய வந்த திட்ட இயக்குநர் தணிகாசலம், தோட்டக்காரனான என்னிடம், "இரண்டு தொட்டிகளில் ஏரித்தண்ணீர் நிரப்பிச் சம்பங்கோரைப் புல் நடு. அது களைமருந்தை உறிஞ்சிவிடும். வேரில் துளிகூடச் சேறு இருக்கக் கூடாது. மருந்து குறையாவிட்டால் உனக்கு வேலை கிடையாது" என்றார்.

நான் ஊரறிந்த சோம்பேறி. முதல் தொட்டிக்குக் கழுவியதிலேயே இடுப்பு விட்டுப்போனது. இரண்டாவதில் சேற்றோடு நட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஆய்வுக்கூட அதிகாரி ஒருவர் வந்து தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால், இரண்டாவது தொட்டியில் மட்டும் மருந்து இல்லை. "என் முறை ஜெயித்துவிட்டது!" என்று இயக்குநர் அதிகாரியிடம் மார்தட்டினார்.

"ஐயா சொன்னபடி நட்டது முதல் தொட்டிங்க. இது நான் சோம்பல்பட்டுக் கழுவாம நட்டதுங்க" என்றேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். "வேர்ச்சேற்றில் இருந்த பாக்டீரியாதான் மருந்தைத் தின்றிருக்கிறது" என்றார்.

மறுநாளே ஏரிக்கரை முழுக்க வேரைக் கழுவாமல் நட உத்தரவு வந்தது. நான் முணுமுணுக்காமல் கீழ்ப்படிந்த முதல் உத்தரவு அதுதான்.