வைத்தியரின் வால்

கீரி ஒன்று காட்டில் வைத்தியம் பார்த்து வந்தது. பேர் செம்பன். காடே "வைத்தியரே" என்று கும்பிடும்போது நாம் மட்டும் அது, இது என்று சொல்வானேன்? அவர் என்றே சொல்லிவிடுவோம்.

செம்பன் கைராசிக்காரர். இருமலோ சுளுக்கோ, ஒரு வேரைக் கிள்ளிக் கொடுத்தால் போதும், இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஆனால் பெரிய நோயோடு வருகிறவர்களுக்கு மட்டும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். பாறைப் பொந்தின் வாசலில் இரண்டு தேக்கிலைகளை விரிப்பார். ஒன்றில் கசப்பு வேர். அதை எடுத்தால் நாற்பது நாள் அவருடைய பொந்துக்குள் இருட்டில் படுக்க வேண்டும். வெயில் ஆகாது. உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. இன்னொன்றில் தேனில் குழைத்த பச்சிலை. அது வலியை அடக்கும், நோயை அடக்காது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், இருக்கிற நாளை இஷ்டப்படி இருந்துவிட்டுப் போகலாம். எது வேண்டுமோ அந்த இலையில் நோயாளி தன் காலை வைக்க வேண்டும்.

"நான் யாரையும் வற்புறுத்துறதே இல்லை! அவங்கவங்க கால், அவங்கவங்க முடிவு!" என்பார் செம்பன். இதைச் சொல்லும்போது அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

ஒருநாள் ஓடைக்கரையிலிருந்து மடுவன் என்ற கிழட்டு நீர்நாய் வந்தார். கூடவே மனைவி சலங்கை. மடுவனுக்கு மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம்.

செம்பன் காதை வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

"மடுவா, மறைக்க மாட்டேன். நெஞ்சுல கட்டி. வேரைச் சாப்பிட்டுப் படுத்தவங்க பத்துப் பேர்ல மூணு பேர் எழுந்து போயிருக்காங்க. வேர் வேண்டாம்னா, இன்னும் ஒரு மாசம் போகும்."

"மழை எப்போ வைத்தியரே?" என்று கேட்டார் மடுவன்.

"மழையா? இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்ல வந்துடும். அதுக்கென்ன இப்போ?"

"வருஷா வருஷம் ஓடையில புதுத்தண்ணி வந்ததும் மேட்டுலேருந்து சறுக்கி விழுவேன். அயிரை மீன் மூக்குல வந்து மோதும்! இந்த வருஷமும் ஒரு தடவை சறுக்கிடணும்னு பார்க்கிறேன்."

"உன் கால், உன் முடிவு!" என்று இலைகளைக் காட்டினார் செம்பன்.

மடுவன் தேன் இலைப் பக்கம் காலைத் தூக்கினார். பாதியிலேயே நிறுத்தினார். வேர் இலைப் பக்கம் கொண்டுபோனார். மறுபடியும் நிறுத்தினார்.

"ஏங்க, வேர்லயே வச்சிடுங்க," என்று கிசுகிசுத்தாள் சலங்கை. "ஐயாவுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

மடுவன் இருமல் வரும் வரை சிரித்தார்.

"வைத்தியரே, உங்க வாலைக் கொஞ்சம் வெளியில வச்சிட்டு வர முடியுமா?"

"என்ன உளர்றே?"

"நான் தேன் பக்கம் போனா உங்க வால் செத்த பாம்பு மாதிரி தரையில விழுந்துடுது! வேர் பக்கம் வந்தா புஸ்ஸுன்னு சிலிர்த்துக்கிட்டு நிக்குது! நான் எந்த இலையைப் பார்ப்பேன், எந்த வாலைப் பார்ப்பேன்?"

செம்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை!" வாசலில் காத்திருந்த காட்டுப்பன்றியைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நீயே சொல்லு! என் வாலைப் பார்த்தா இங்கே முடிவு பண்றாங்க?"

காட்டுப்பன்றி தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் கிளறியது.

"சொல்லுப்பா!"

"எல்லாருமே வாலைத்தான் பார்க்கிறோம் வைத்தியரே. வேரைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்? போன மாசம் முள்ளம்பன்றி கூட அப்படித்தான். மக கல்யாணத்தைப் பார்க்கணும்னுதான் தேன் வாங்க வந்தார். 'வால் தொங்கிப்போச்சு, அவர் மனசு நோகக்கூடாது'ன்னு என்கிட்ட சொல்லிட்டு வேர்ல கால் வச்சார்."

செம்பனுக்கு அது நினைவுக்கு வந்தது. வேரைச் சாப்பிட்ட முப்பதாவது நாள் அந்த முள்ளம்பன்றி பொந்துக்குள்ளேயே கண்ணை மூடியது. அன்றைக்குத்தான் காட்டின் மறுகோடியில் அதன் மகளுக்குக் கல்யாணம். 'அவர் கால், அவர் முடிவு' என்று செம்பன் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

இப்போது அவர் பின்பக்கமாகவே நகர்ந்து, வாலைப் பொந்துக்குள் நுழைத்துக்கொண்டார். முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

"முகமும் பேசுது வைத்தியரே!" என்றார் மடுவன்.

செம்பன் முழுசாக உள்ளே போய்விட்டார். "இப்போ கேளு. எது வேணாலும் கேளு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மூணு பேர் எழுந்து போனாங்க. சரி. மீதி ஏழு பேர்?"

"இங்கேதான் போய்ச் சேர்ந்தாங்க. இந்த இருட்டுல."

"கடைசியில ஏதாவது கேட்டாங்களா?"

"வெளிச்சம் கேட்டாங்க மடுவா. வீட்டுக்காரங்களைக் கேட்டாங்க. நான்தான் இன்னும் பத்து நாள், இன்னும் அஞ்சு நாள்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"என் இடத்துல நீங்க இருந்தா?"

"நான் வேரைத்தான் எடுப்பேன்! பாம்போட மல்லுக்கட்டியே வளர்ந்தவன், எனக்கு விடத் தெரியாது. ஆனா அது என் குணம்ப்பா. உன் நெஞ்சுல இருக்கிற கட்டிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

வெளியே இலை சரசரத்தது. எந்த இலை என்று செம்பனுக்குத் தெரியவில்லை. அவருடைய பொந்து இவ்வளவு இருட்டு என்பதே அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"வெளியே வாங்க!"

வந்து பார்த்தார். தேன் இலையில் மடுவனின் கால் அழுத்தமாக ஊன்றியிருந்தது. சலங்கை அழுதுகொண்டே அவர் தோளைப் பிடித்திருந்தாள். செம்பனின் வால் தொப்பென்று தரையில் விழுந்தது.

"விழட்டும், விழட்டும்! நான்தான் கால் வச்சாச்சே!" என்றார் மடுவன்.

பன்னிரண்டாம் நாள் மழை கொட்டியது. ஓடையில் புதுத்தண்ணீர் நுங்கும் நுரையுமாக வந்தது. செம்பன் அன்றைக்கும் பச்சிலையோடு போயிருந்தார். அவர் கண்ணெதிரிலேயே மடுவன் மேட்டிலிருந்து சறுக்கி விழுந்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை! மூக்கில் மோதிய அயிரையைப் பிடித்துச் சலங்கைக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு இருபத்தைந்தாம் நாள், ஈர மணலில் சலங்கையின் மடியில் தலை வைத்தபடி, வலி தெரியாமல் போய்ச் சேர்ந்தார். செம்பன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அன்று முதல் இலைகளை விரித்ததும் வைத்தியர் பொந்துக்குள் போய்விடுவார். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்வார். அடுத்து வந்த முயல் ஒன்று ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்டுவிட்டு வேர் இலையில் கால் வைத்தது. நாற்பது நாள் இருட்டில் கிடந்து, நாற்பத்தொன்றாம் நாள் துள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. செம்பனின் வால் புஸ்ஸென்று சிலிர்த்து நின்றது. அதை யார் பார்த்தால் என்ன?

நோயைப் பற்றி உள்ளதைச் சொல்வது வைத்தியரின் வேலை. மிச்சமிருக்கும் நாளை எப்படிக் கழிப்பது என்று முடிவு செய்வது அந்த நாளுக்கு உரியவரின் உரிமை.