பாதிப் பதக்கம்

நாப்போலி நகரில் முன்னொரு காலத்தில் ஓர் அனாதை இல்லம் இருந்தது. அதன் தெருப்பக்கச் சுவரில் ஒரு மரப்பெட்டி உண்டு. வளர்க்க வழியில்லாத தாய் பிள்ளையை அதில் கிடத்திச் சுழற்றிவிட்டால் பெட்டி உட்பக்கம் திரும்பும். உள்ளே இருக்கும் கன்னியாஸ்திரிகள் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். வைத்தது யார் என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அப்படி வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான். எஸ்போசிதோ. வெளியே வைக்கப்பட்டவன் என்று அர்த்தம். அந்தப் பெயரைச் சொன்னால் ஊருக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆளைக் கரித்துக்கொட்ட அதுவே போதும்.

அன்று காலையில் இல்லத்துப் பாதிரியார் லொரென்சோவுக்கு ஒரு பெயர் அவசரமாகத் தேவைப்பட்டது. பெட்டியில் ஓர் ஆண்குழந்தை வந்திருந்தது. உதடு நீலம் பாரித்து, மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிழைக்குமோ பிழைக்காதோ, உடனே ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும். முழுப் பெயரையும் ஞானஸ்நானத் தொட்டியருகே உரக்கச் சொல்வது அந்த இல்லத்து வழக்கம். அன்று எந்தப் புனிதரின் திருநாளோ அவர் பெயர்தான் முதற்பெயர்; பியாஜோ, அது சரி. குடும்பப் பெயருக்கு எங்கே போவது? எஸ்போசிதோதான் வைக்க வேண்டும் என்றில்லை, விருப்பம்போல் வைக்கலாம் என்று ஆயர் அப்போதுதான் சொல்லியிருந்தார். அதுவே வினையாயிற்று; ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தார்.

தியோதல்லேவி. கடவுள் உன்னை வளர்க்கட்டும். பெற்றவள் எங்கே போனாள் என்று கேட்பார்களே!

இன்னொசெந்தி. குற்றமற்றவர்கள். அப்படியானால் குற்றம் யாருடையது என்பார்கள்.

பென்வெனூதோ. நல்வரவு. வரவேற்றது யாராம்?

லொரென்சோ குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அன்னை பிரிஜிதாவிடம் ஓடினார். பிரிஜிதா இல்லத்துத் தலைவி. வயதில் அவரைவிட இளையவர்தான். ஆனாலும் மனம் குழம்பும்போதெல்லாம் லொரென்சோ போய் நிற்பது அவர் முன்னால்தான். குரு என்று ஏற்றுக்கொண்ட பிறகு வயதென்ன கணக்கு?

"தாயே, பெயர் கிடைக்கவில்லை. நேரமும் இல்லை."

"எஸ்போசிதோ இருக்கிறதே."

"அது பெயரா? மாட்டுக்குப் போடுகிற சூடு!"

"உங்களுக்கும் அதுதானே இருந்தது?"

"இருந்தது. படிக்கவைத்த பிரபு தன் குடும்பப் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றினார். மோந்தெஃபியோரே. மலர்மலை. இல்லாவிட்டால் இந்த அங்கி எனக்குக் கிடைத்திருக்குமா? ஆனாலும் அது என்னை விட்டபாடில்லை. போன பாஸ்கா பண்டிகை அன்று வாசலில் ஒரு வயதானவள் வந்து நின்றாள். 'இங்கே வளர்ந்த எஸ்போசிதோ, உங்கள் வயதுதான் இருக்கும், யாராவது உண்டா சாமி?' என்று கேட்டாள். பிச்சைக்கு வந்தவள் கையை நீட்டுவாள். இவளோ இறுக மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். கேலி செய்ய யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது."

"என்ன சொன்னீர்கள்?"

"அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்."

பிரிஜிதா குழந்தையின் துணியை மெல்ல விலக்கினார். கழுத்தில் ஒரு நூல்; நூலில் பாதியாக வெட்டிய பதக்கம். பிள்ளையை விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிக்கிற தாய்மார் செய்கிற வேலை அது. பாதி பிள்ளைக்கு, பாதி தனக்கு.

"உங்களுடையதை எடுங்கள்."

லொரென்சோ திகைத்தார். பெயரை மாற்றிக்கொண்டவருக்கு தன் கழுத்திலிருந்த பாதிப் பதக்கத்தைக் கழற்றி எறிய மட்டும் மனம் வந்ததில்லை. அங்கிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பிரிஜிதா இரண்டு பாதிகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

"பொருந்தவில்லையே."

"எப்படிப் பொருந்தும் தாயே? இவனுடைய மறுபாதி இவன் அம்மாவிடம் அல்லவா இருக்கும்?"

"அவள் ஒருநாள் தேடி வந்தால்?"

"அதைக் காட்டிக் கேட்பாள்."

"என்ன பெயர் சொல்லிக் கேட்பாள்?"

கோயில் மணி அடித்தது. குழந்தையின் மூச்சு ஒருமுறை நின்று, பின் மெதுவாக வந்தது. லொரென்சோ குழந்தையோடு தொட்டியை நோக்கி ஓடினார்.

"பியாஜோ எஸ்போசிதோ," என்று உரக்கச் சொல்லித் தண்ணீரை ஊற்றினார். சில்லென்று பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. உதட்டில் சிவப்பு ஏறியது. லொரென்சோவுக்கு அப்பாடா என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கவும் செய்தார்.

பிரிஜிதா அருகில் வந்தார். லொரென்சோவின் பாதிப் பதக்கத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுக மூடினார்.

"அன்று வாசலில் நின்றவளின் கை," என்று கேட்டார், "இப்படித்தான் மூடியிருந்ததா?"