அக்கரைக்குப் போன முட்கள்

மருதங்காட்டுக் குளத்துக்குப் பொழுது சாயும் நேரத்தில் எல்லா மிருகங்களும் தண்ணீர் குடிக்க வரும். அந்த நேரத்தில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்பது காட்டு வழக்கம். அடிக்கக் கூடாது என்று ஆகிவிட்டால் பேசத்தானே வேண்டும்? அதனால் காட்டின் நல்லது கெட்டதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஒரு காரியத்துக்குச் சம்மதம் என்றால் வாலைத் தூக்க வேண்டும். மயில் தோகையை விரித்தால் பாதிக் கூட்டமே சம்மதித்துவிட்ட மாதிரி தெரியும். முயல் எவ்வளவு தூக்கினாலும் ஒருவர் கண்ணிலும் படாது.

அந்தக் கூட்டத்தில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியும் உண்டு. எதையும் மோந்து பார்க்காமல் விடமாட்டான். மற்றவர்கள் 'சரி' என்று எழுந்து போகும் இடத்தில் இவன் 'அப்புறம்?' என்று கேட்பான். அதனாலேயே அவன் வாயைத் திறந்தால் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் மாலை, கிளி ஒன்று ஆற்றைத் தாண்டிப் படபடவென்று பறந்து வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது அத்திவனம். அங்கே குரங்குகளின் ராஜ்யம்.

"அக்கரையில சண்டை!" என்றது கிளி. "பெருங்கடுவன்னு ஒரு தலைவன் இருக்கான்ல, அவன் அத்திமரம் எல்லாத்தையும் தன் குடும்பத்துக்கே வச்சுக்கிட்டான். மத்த குரங்குங்க சருகைத் தின்னுட்டுக் கெடக்குதுங்க. நியாயம் கேக்கப் போன பசங்களைக் கிளையிலேருந்து தள்ளி விட்டுட்டானாம்."

மருளி என்ற மான் உடனே அழ ஆரம்பித்தது. மருளிக்கு எதைக் கேட்டாலும் அழுகை வரும். ஆனால் அது பொய் அழுகை இல்லை.

மறுநாளே அக்கரையிலிருந்து ஒரு குரங்கு வந்து சேர்ந்தான். பெயர் விழுதன். இளவட்டம். ஒரு காது கிழிந்து தொங்கியது. குளக்கரையில் நின்று எல்லோரையும் கும்பிட்டான்.

"பெருங்கடுவனை எதிர்த்து நிக்கிறவங்க நாங்க. உங்ககிட்டச் சாப்பாடு கேக்க வரல. எங்க கூட வந்து சண்டை போடுங்கன்னும் கூப்பிடல. கையில பிடிக்க ஏதாவது கொடுங்க. முள்ளு கொடுத்தாப் போதும்."

எல்லோர் கண்ணும் சிலுப்பனின் முதுகுக்குப் போயின.

"கொடுத்திடலாம்" என்றது முயல்.

"இதைக்கூடச் செய்யலன்னா மருதங்காட்டுக்கு என்ன மரியாதை?" என்றது மயில்.

முயல் முதுகில் முள் கிடையாது. மயில் முதுகிலும் கிடையாது. தங்களிடம் இல்லாத ஒன்றைக் கொடுப்பதென்றால் எல்லோருக்கும் எவ்வளவு தாராள மனசு வந்துவிடுகிறது, பாருங்கள்.

சிலுப்பனுக்கும் இரக்கம் இல்லாமல் இல்லை. கிழிந்த காதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"தர்றேன் தம்பி. ஒரே ஒரு சந்தேகம். இதை வச்சு எப்படிச் சண்டை போடுவீங்க?"

"இது என்னண்ணே கேள்வி? குத்துவோம்."

"அதான் கேக்கறேன். நாங்க போய் யாரையும் குத்த மாட்டோம். துரத்திக்கிட்டு வர்றவனுக்கு முதுகைக் காட்டி நிப்போம். அவனா வந்து ஏத்திக்குவான். அதனால யாரைக் குத்தறதுங்கற யோசனையே எங்களுக்கு வந்ததில்ல. நீங்க கையில பிடிச்சு முன்னாடி குத்தப் போறீங்க. யாரைக் குத்தறது, யாரை விடறதுன்னு நீங்கதானே முடிவு பண்ணணும்?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்ணே" என்றான் விழுதன்.

"அப்புறம்? சண்டை முடிஞ்சதும் முள்ளெல்லாம் எங்க போகும்?"

கூட்டத்தில் கொட்டாவிச் சத்தம் கேட்டது. வக்கணையன் என்ற நரி எழுந்து நின்றது. கூட்டத்தை நடத்துவது அதுதான்.

"சிலுப்பா, வீடு எரியும்போது தண்ணி எந்தக் கெணத்துதுன்னு கேட்டுக்கிட்டு நிக்கலாமா? சம்மதம்னா வாலைத் தூக்குங்கப்பா."

குளக்கரை முழுக்க வால்கள் எழும்பின. மயில் தோகையை விரித்தது. சிலுப்பனும் தன் வாலைத் தூக்கினான்.

முள் பிடுங்குவது லேசான வேலை இல்லை. தளர்ந்தவை ஒரு சிலிர்ப்பில் உதிர்ந்தன. மற்றதையெல்லாம் விழுதன் ஒவ்வொன்றாக இழுத்தான். பாதி முதுகு வெறுமையாகிவிட்டது. வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குக் குளக்கரையில் எல்லோரும், "நாம கொடுத்தோம்" என்றே சொல்லிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு தினமும் கிளி வரும் நேரத்துக்குக் கூட்டம் காத்துக்கிடந்தது. விழுதன் ஆட்கள் ஒரு மரத்தைப் பிடித்தார்கள் என்றால் முயல் குட்டிக்கரணம் போடும். "எல்லாம் நம்ம முள்ளு" என்று மயில் சொல்லும். ஆற்றைத் தாண்டி ஒரு காலடி வைத்ததில்லை, ஆனால் எந்தக் கிளையில் ஏறி எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று முயல் குளக்கரையில் இருந்தபடியே யோசனை சொல்லும்.

போகப்போகச் செய்தி குழம்பியது. விழுதனுக்கும் அவன் சித்தப்பன் மகனுக்கும் தகராறு வந்து, எதிர்த்து நின்ற கூட்டம் இரண்டாகிவிட்டது என்றது கிளி. யார் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்குப் புரியவில்லை. புரியாததால் கேட்பவர்களும் குறைந்தார்கள். மயிலுக்குத் தோகை உதிரும் பருவம் வந்திருந்தது. அதுதான் இப்போது குளக்கரையில் பெரிய பேச்சு.

அந்தச் சமயத்தில் விழுதனிடமிருந்து ஆள் வந்தது. இன்னும் முள் வேண்டுமாம்.

"கொடுத்திடு சிலுப்பா. ஆரம்பிச்சதை முடிக்கணும்ல" என்றது நரி.

"தர்றேன் நரியண்ணே. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து தர்றேன்."

"ஏன், சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல. கொடுத்தது எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

விடிந்ததும் சிலுப்பன் கிளம்பினான். பகலெல்லாம் வளைக்குள் தூங்க வேண்டிய ஜென்மம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு வந்துவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கோடைக்காலம். ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடியது. கல்லுக்குக் கல் தத்தி அக்கரை ஏறினான். மலைப்பக்கம் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது.

முதல் மரத்தடியில் விழுதனின் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிலுப்பனின் முட்கள். "நியாயம் எங்க பக்கம்ணே" என்றார்கள். கொஞ்சதூரத்தில் சித்தப்பன் மகனின் ஆட்கள். அவர்கள் கையிலும் அதே முட்கள். "நியாயம் எங்க பக்கம்தான்" என்றார்கள். அத்திமரத்துக்குக் காவல் நின்ற பெருங்கடுவனின் ஆட்களைப் புதரிலிருந்து எட்டிப் பார்த்தான். சண்டையில் பிடுங்கியதாக இருக்கும், அவர்களிடமும் ஒரு கட்டு இருந்தது.

சிலுப்பன் குழம்பிப் போனான். மூன்று கூட்டமும் தன் முதுகிலிருந்து வந்த முள்ளை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைக்கிறது. எல்லாம் ஒரே முதுகில் வளர்ந்தவை. எது நல்ல முள், எது கெட்ட முள் என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில், ஆற்றோரப் பாறை மறைவில் முனகல் கேட்டது. அங்கே பெண் குரங்குகளும் குட்டிகளும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பூவந்தி என்ற தாய்க்குரங்கு தன் குட்டியை மடியில் கிடத்தி, அதன் காலில் ஏறியிருந்த முள்ளை இழுக்கப் பார்த்தாள். குட்டி அலறியது.

"வளைச்சு இழுக்காதம்மா, உள்ளயே முறிஞ்சிடும்" என்று சிலுப்பன் ஓடினான். "போன வழியிலேயே நேரா வரணும்." பல்லால் கவ்வி, ஒரே இழுப்பில் எடுத்துவிட்டான்.

பூவந்தி முள்ளைப் பார்த்தாள். அவன் முதுகைப் பார்த்தாள்.

"இது உங்களுதாண்ணே?"

"என்னுதுதான்" என்றான் சிலுப்பன். அவனுக்கு வெட்கமாக இருந்தது. "யாரு குத்துனது?"

"யாருன்னு தெரியல. புள்ளை பழம் பொறுக்கப் போச்சு. நடுவுல மாட்டிக்கிச்சு." அவள் திட்டவில்லை. அது அவனை இன்னும் வாட்டியது. "அண்ணே, உங்க கரையில பெரிய ஆலமரம் ஒண்ணு சும்மா நிக்குதாமே. அதுல எங்களுக்குக் கொஞ்சம் எடம் கிடைக்குமா? தாய்ங்களும் குட்டிங்களும் மட்டும்தான். மலையில மழை இறங்கப்போவுது. ஆறு பொங்கிட்டா இந்தப் பாறையும் முங்கிடும், மேல ஏறினா சண்டைக்கு நடுவுலதான் நிக்கணும்."

"கேட்டுச் சொல்றேன்" என்றான் சிலுப்பன். "எங்க ஆளுங்களுக்கு உங்க மேல ரொம்ப இரக்கம். ஒரே மனசா வாலைத் தூக்குனவங்க. தராம இருக்க மாட்டாங்க."

பாவம், நம்பித்தான் சொன்னான்.

அன்று மாலை குளக்கரையில் பார்த்ததையெல்லாம் சொன்னான். ஆலமரத்தைப் பற்றியும் கேட்டான்.

"எடமா?" என்றது முயல். "வந்தவங்க திரும்பிப் போவாங்களா?"

"கத்திக்கிட்டே இருப்பாங்களே. நமக்குத் தூக்கம் வரணும்ல" என்றது மயில். இரவெல்லாம் அகவுகிற மயில்தான் இதைச் சொன்னது.

"குட்டிங்க பாவம்தான்" என்று மருளி அழுதது. அழுதுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

நரி தொண்டையைக் கனைத்தது. "யாருக்கும் இரக்கம் இல்லாம இல்ல. அதுக்காகத்தான் முள்ளே கொடுத்தோம். சிலுப்பா, நீ இன்னும் கொஞ்சம் முள்ளு கொடு. அவங்க ஜெயிச்சிட்டா இவங்க இங்க வரவே வேண்டியதில்ல பாரு."

"எவங்க ஜெயிச்சா, நரியண்ணே?"

நரி காதைச் சொறிந்துகொண்டது. "சரி, ஆலமரம் கொடுக்கச் சம்மதம்னா வாலைத் தூக்குங்க" என்று மட்டும் சொன்னது.

சிலுப்பனின் வால் மட்டும் எழும்பியது. அவன் நாலாபக்கமும் பார்த்தான். அன்றைக்கு மரம் மாதிரி நிமிர்ந்து நின்ற வால்களெல்லாம் இன்றைக்கு எங்கே போயின என்று அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப இப்படிச் செய்வோம்" என்றான். "என் முதுகுல மிச்சம் இருக்கற முள்ளை இப்பவே தர்றேன். ஆளுக்கு ஒண்ணு பிடுங்கிக்குங்க. நீங்களே அக்கரைக்குக் கொண்டு போங்க. எந்தக் கையில கொடுக்கணும்னு தோணுதோ, அந்தக் கையில நீங்களே கொடுத்துட்டு வாங்க." சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான்.

யாரும் கிட்டே வரவில்லை. முயல் தரையைக் கீறியது. நரி வானத்தைப் பார்த்தது.

மலைப்பக்கம் இடி உருண்டது.

மருளி சட்டென்று எழுந்தது. "நான் அழுதுக்கிட்டே காலத்தைக் கழிச்சிட்டேன். எம்முதுகுல ரெண்டு மூணு பேர் உக்காரலாம். வா சிலுப்பா. மரத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

இருவரும் ஆற்றுக்கு ஓடினார்கள். பேசிப்பேசி நேரத்தைத் தின்றிருந்தார்கள் அல்லவா? காலையில் சிலுப்பன் தத்திப் போன கற்கள் இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. மருளி நீந்திப் போனது. குட்டிகளை முதுகில் ஏற்றி வந்து கரையில் இறக்கியது. மறுபடி போய்த் தாய்மாரில் சிலரைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. "நீங்க முதல்ல போங்க" என்று பூவந்தி ஒவ்வொருத்தரையாக ஏற்றிவிட்டாள். தன் குட்டியையும் ஏற்றிவிட்டாள்.

அடுத்த நடைக்கு மருளி இறங்கியபோது வெள்ளம் அதைப் புரட்டிப் போட்டது. சிலுப்பன் கரையிலிருந்து கத்தினான். மருளி எப்படியோ ஒரு வேரை வாயால் கவ்வி இந்தக் கரையிலேயே ஒதுங்கியது. அதற்குமேல் ஆற்றில் கால் வைக்க முடியவில்லை.

அக்கரைப் பாறை மூழ்கத் தொடங்கியது. பூவந்தியும் மிச்சம் இருந்தவர்களும் பாறையை விட்டு மேலே ஏறினார்கள். மேலே இருப்பது சண்டைதான் என்று தெரிந்தேதான் ஏறினார்கள். ஏறுமுன் அவள் ஒருமுறை திரும்பிக் குரல் கொடுத்தாள். இந்தக் கரையிலிருந்து குட்டி பதில் கொடுத்தது.

சத்தம் கேட்டு மருதங்காடே ஆற்றோரம் வந்து நின்றது. முயல் வந்தது. மயிலும் வந்தது. இத்தனை நாள் கிளி வாயால் கேட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள். குட்டி மறுபடி மறுபடி கூப்பிட்டது. அக்கரையிலிருந்து இப்போது பதில் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் முள்ளு அனுப்பியிருந்தா..." என்று நரி தொடங்கியது.

யாரும் காது கொடுக்கவில்லை. மருளி குட்டிகளை ஆலமரத்துக்கு அழைத்துப் போனது. யாரையும் கேட்கவில்லை. வழியில் நின்ற மயில் ஒதுங்கி இடம் விட்டது. சிலுப்பன் மட்டும் பூவந்தியின் குட்டியோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தான். அது கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

பிறர் சண்டைக்கு ஆயுதம் கொடுக்க முந்துகிறவர்கள், அந்தச் சண்டையில் அடிபட்டு ஓடிவருகிறவர்களுக்கு இடம் கொடுக்கவும் முந்த வேண்டும். அதற்கு மனம் இல்லையென்றால் அவர்கள் காட்டியது இரக்கமே இல்லை.