அங்காயி வெட்டிய கரை

உட்காருங்கள், சொல்கிறேன். ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டலாம் என்று மனிதன் நினைத்தே பார்க்காத காலம் அது. கோரைக்குடி என்று ஓர் ஊர். ஊரில் நாற்பது வீடுகள். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மண்கரை. அதுதான் அவர்களுக்குக் கோட்டை, அதுதான் காவல், அதுதான் உயிர்.

அந்தக் கரையை நாற்பது பங்காகப் பிரித்து, பங்குக்குப் பங்கு எல்லைக்கல் நட்டிருந்தார்கள். அவரவர் பங்கை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதோடு நிற்காமல் ஒரு கட்டுப்பாடும் போட்டார்கள். ஒருவர் பங்கில் இன்னொருவர் மண்வெட்டி வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வீட்டையே அவமானப்படுத்தியதாக அர்த்தம். எந்த மகாபுத்திசாலி இதைக் கண்டுபிடித்தானோ, தெரியவில்லை.

ஊர்த்தலைவர் செங்கோடன். அவர் பங்கு ஊருக்கு நேர் எதிரே, நடுக்கரையில் இருந்தது. மேலே பச்சைப் பசேலென்று புல், உள்ளே முழுக்க நண்டு வளை.

ஆறு வரும் பக்கத்தில், கடைசிப் பங்கு அங்காயியுடையது. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. கரைக்குக் கீழே ஒரே ஒரு வயல், அதுதான் அவளுக்கு எல்லாம். வயலை ஒட்டி, ஆறு எப்போதோ ஓடிக் கைவிட்ட பள்ளம் ஒன்று, ஊரை விட்டு விலகி இறங்கி ஆளில்லாத முட்காட்டுக்குள் போயிற்று.

புரட்டாசியில் அங்காயி தலைவரிடம் போனாள்.

“மாமா, உங்க பங்குல நண்டு வளை வெச்சிருக்கு. அடைச்சிடுங்க.”

“உன் கரையப் பாரு புள்ள” என்றார் அவர்.

ஐப்பசியில் மறுபடி போனாள்.

“மாமா, ஊர்ப்பக்கம் தண்ணி கசியுது.”

“மண்கரைன்னா கசியத்தான் செய்யும்” என்றார்.

கார்த்திகையில் மூன்றாம் முறையும் போனாள்.

“மாமா, கசியிற தண்ணி இப்பக் கலங்கலா வருது. கரைக்குள்ள மண்ணு கரையுது. உங்களுக்கு முடியலன்னா விடுங்க, நானே அடைச்சுத் தரேன்.”

வந்ததே கோபம்! “என் பங்குல மண்வெட்டி வெச்சுப் பாரு, உன்ன ஊரை விட்டே தள்ளி வெச்சிடுறேன்” என்று கத்தினார்.

அதற்கடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஆறு நின்றது. செங்கோடன் பங்கில் தண்ணீர் முதலில் விரல் கனத்துக்குப் பீய்ச்சியது, பிறகு கை கனத்துக்கு, பிறகு தொடை கனத்துக்கு. அவரும் இரண்டு மகன்களும் வைக்கோல் கட்டுகளை வைத்து அடைத்தார்கள். ஆறு அவற்றை அப்படியே தூக்கி எறிந்தது.

ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? மண்வெட்டியும் கையுமாக எல்லைக்கல் வரை ஓடி வந்தார்கள். கல்லுக்கு இப்பாலேயே நின்றுவிட்டார்கள்! “தலைவர் ஒரு வார்த்தை கூப்பிடட்டும்” என்றார்கள். அவரோ வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் குழந்தைகள், தொழுவத்தில் மாடுகள், தலைக்கு மேல் ஆறு. ஆனாலும் மானம்தான் பெரிதாகப் போயிற்று. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அங்காயி வந்து பார்த்தாள். ஆற்றின் வேகம் குறையாமல் இது அடைபடாது என்று புரிந்தது. திரும்பித் தன் பங்குக்கே ஓடினாள். கீழே அவள் வயலில் நெற்கதிர் பால் பிடித்து நின்றது. ஒரு வருசத்துச் சோறு. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கரையை வெட்டத் தொடங்கினாள்.

“ஏய் அங்காயி, பைத்தியமா உனக்கு? கரையவா வெட்டுற?” என்று ஊரே அலறியது.

“என் பங்கு, என் மண்வெட்டி! உங்க கட்டுப்பாடுதானே? ஒருத்தரும் கல்லைத் தாண்டக் கூடாது!”

ஒருவரும் தாண்டவில்லை. முதல் வெட்டில் மண் சரிந்தது. அடுத்த வெட்டில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மூன்றாம் வெட்டில் ஆறே திரும்பிற்று. அவள் துள்ளி விலகினாள். வெள்ளம் அவள் வயலை மூடி, பள்ளத்தில் இறங்கி, முட்காட்டுக்குள் பாய்ந்தது.

நடுக்கரையில் ஆறு ஒரு சாண் இறங்கியது. பிறகு ஒரு முழம் இறங்கியது. பிறகு, திரும்ப வைத்த வைக்கோல் கட்டு அசையாமல் நின்றது. செங்கோடன் அங்காயியின் வயல் இருந்த திசையைப் பார்த்தார்.

“வாங்கய்யா... எல்லாரும் வாங்க!” என்று கூவினார். ஊரிலிருந்த அத்தனை மண்வெட்டியும் ஒரே பங்கில் இறங்கின. பொழுது சாய்வதற்குள் ஓட்டை அடைபட்டது. கோரைக்குடியில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை.

வெள்ளம் வடிந்தபோது அங்காயியின் வயலில் முழங்கால் ஆழத்துக்கு மணல். செங்கோடன் வந்து முதல் கூடை மணலைத் தன் தலையில் சுமந்து கொட்டினார்.

“அடுத்த அறுப்பு வரைக்கும் உன் வீட்டுச் சோறு என் பொறுப்பு, தாயி” என்றார்.

“சோறு இருக்கட்டும் மாமா. மொதல்ல அந்தக் கல்லையெல்லாம் பிடுங்குங்க” என்றாள் அங்காயி.

அன்றைக்கே எல்லைக்கற்கள் அத்தனையையும் பிடுங்கி, அவள் வெட்டிய உடைப்பில் போட்டு, மேலே மண்ணிட்டு மூடினார்கள்.

ஒரே கரைக்குப் பின்னால் வாழ்கிறவர்கள், அதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அது தங்கள் வீட்டில் விழுந்த ஓட்டை என்றே எண்ண வேண்டும்.