குருவம்மாளுக்கு ஒரு படுக்கை

"தொண்டைக்குள்ள மூச்சுக் குழாயை இன்னும் வேகமா போடக் கத்துக் குடுங்க, மேடம்."

கேட்டவர் டாக்டர் மாசிலாமணி. கிராமத்து ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, நரை விழுந்த பிறகு மயக்க மருத்துவம் படிக்க வந்தவர். டாக்டர் ஷாஹிதா அவருக்கு ஆசிரியை. வயதில் பத்து இளையவர்.

"ஏண்ணே?"

"போன வாரம் அந்தக் கனத்த மனுஷர், மருந்து ஏறினதும் என் கையிலேயே நீலமாயிட்டார். நீங்க ஓடி வரலேன்னா..."

அவர் அன்றைய நோயாளி குருவம்மாளின் சீட்டை நீட்டினார்.

"இன்னிக்கும் அதே மாதிரி கனத்த உடம்பு. பித்தப்பைக் கல்."

"அந்த அம்மா வீட்டுல எப்படித் தூங்குறாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

போய்க் கேட்டார்.

குருவம்மாள் சிரித்தாள். "படுத்து வருஷக்கணக்காச்சு, தம்பி. மல்லாந்தா நெஞ்சு மேல ஆளு ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். சுவத்துல சாஞ்சுதான் கண்ணசருவேன்."

திரும்பி வந்து சொன்னார்.

ஷாஹிதா ஆபரேஷன் மேஜையைக் காட்டினார்.

எல்லாருக்கும் போடுவது போலவே, மாசிலாமணி அதைத் தட்டையாகப் போட்டு வைத்திருந்தார்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. தலையணை, மடித்த போர்வை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுக்கினார். குருவம்மாளைச் சாய்த்து உட்கார வைத்தார். காதும் கழுத்தடியில் இருக்கும் மாரெலும்புக் குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஷாஹிதா விடவில்லை.

சர்ஜன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மணமேடை ஜோடிக்கிறீங்களா?"

"ஆமா சார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

முகமூடியில் ஆக்சிஜன் ஓடியது. குருவம்மாள் நிதானமாக இழுத்து இழுத்து விட்டாள். நெஞ்சு நிறைய ஆக்சிஜன் சேரும்வரை ஷாஹிதா அவசரப்படவில்லை. அப்புறம்தான் மருந்து.

மருந்து ஏறியதும், எதிர்பார்த்தபடியே மூச்சு நின்றது.

விரலில் மாட்டிய கருவி நாடிக்கு நாடி கூவிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் அதன் குரல் கம்மும். ஷாஹிதா திரும்பி நின்று, கண்ணை மூடி, அதை மட்டும் கேட்டார்.

மாசிலாமணியின் கை, என்றைக்கும் போல மெதுவான கைதான். குழாய் உள்ளே போய்ச் சேர்ந்தது.

குரல் கம்மவே இல்லை.

இந்த மனுஷிக்கு இத்தனை நிதானம் எங்கிருந்து வருகிறது என்று மாசிலாமணி ஷாஹிதாவை வாய் பிளந்து பார்த்தார்.

கல்லை எடுத்து, தையலும் போட்டாயிற்று. மாசிலாமணி உற்சாகமாகக் குழாயை உருவக் கை நீட்டினார்.

ஷாஹிதா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, மேடம்?"

சர்ஜன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஷாஹிதா அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அவருக்கு முடிஞ்சிருச்சு. இந்த அம்மா கண்ணு முழிச்சுத் தானா மூச்சு விட்டாத்தான் நமக்கு."

மாசிலாமணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, குருவம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.